எண்பது பிறந்தால் ஜூனியர்!

வயது ஏற வேண்டும் என்று யாருக்கு அவசரம்? பள்ளிக்கூடப் பையனுக்கு. அவனை விட்டால், மாஸ்டர்ஸ் தடகளத்தில் குண்டு எறியும் 79 வயதுத் தாத்தாவுக்கு.

காரணம் இல்லாமல் இல்லை. 35 வயதைத் தாண்டியவர்களுக்கான அந்தப் போட்டிகளில் ஐந்து வயதுக்கு ஒரு பிரிவு. 75 முதல் 79 வரை ஒன்று, 80 முதல் 84 வரை அடுத்தது. 79 வயதுக்காரர் தன் பிரிவில் மூத்தவர். 75 வயது இளவட்டங்களோடு மல்லுக்கட்ட வேண்டும். 80 நிறைந்துவிட்டால் அடுத்த பிரிவு. அங்கே இவர்தான் கடைக்குட்டி. கையிலிருக்கும் குண்டும் 4 கிலோவிலிருந்து 3 கிலோவாக இறங்கிவிடும். போட்டி தொடங்கும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. போட்டி முடிந்த வாரத்தில் பிறந்தநாள் வருகிறவரின் வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது.

இதில் ஒரு கூத்தும் உண்டு. அந்தத் தலைமுறையில் பலருக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று ஜாதகத்தில் இருப்பது. இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் எழுதியது. ஒரு கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டுவிட்டால் பையனுக்கு ஒன்றாம் வகுப்புக்கான வயது வந்துவிட்டது. மிச்சத்தை வாத்தியாரின் பேனா பார்த்துக்கொள்ளும். அவர் ஒரு வயது குறைத்துப் போட்டிருந்தால், பிற்காலத்தில் அரசு வேலையில் ஓராண்டுச் சம்பளம் கூடுதல் என்று குடும்பமே மகிழ்ந்தது. அதே ஒரு வயது இன்று மைதானத்தில் காலை வாருகிறது.

2025 நவம்பரில் ஆசிய மாஸ்டர்ஸ் தடகளப் போட்டிகள் சென்னையில் நடந்தன. பேரன் பேத்தி எடுத்தவர்கள் ஸ்பைக்ஸ் மாட்டிக்கொண்டு ஓடும் இப்படி ஓர் உலகம் இருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த உலகத்துக்கு வெளியே இருக்கும் நமக்கு, எண்பதாவது பிறந்தநாள் என்றால் நினைவுக்கு வருவது வேறு காட்சி.

மனையில் அமர்ந்தவர்

வயதானவர் பிறந்தநாளைக் கொண்டாட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 60 தொடங்கும்போது உக்ரரத சாந்தி, நிறையும்போது சஷ்டியப்த பூர்த்தி, 70-க்குப் பீமரத சாந்தி, 80-ஐ ஒட்டிச் சதாபிஷேகம் என்று அடுக்கிவைத்திருக்கிறோம். வீட்டில் வசதிப்படாதவர்கள் மயிலாடுதுறை மாவட்டம் திருக்கடையூருக்கு வண்டி கட்டுகிறார்கள். எமனிடமிருந்து மார்க்கண்டேயனைச் சிவன் காப்பாற்றிய தலம் அல்லவா? அமிர்தகடேஸ்வரர் கோயில் பிராகாரத்தில் முகூர்த்த நாளன்று நடந்து பாருங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக ஒரு தாத்தா, கூரைப்புடவையில் ஒரு பாட்டி, சுற்றிலும் கலசங்கள், ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கும் பேரன்கள்.

இந்த எண்களுக்குப் பின்னால் வானக் கணக்கும் இருக்கிறது. குரு ஒரு சுற்று வர ஏறத்தாழ 12 ஆண்டு, சனிக்கு 30. இரண்டும் பிறந்தபோது நின்ற இடத்துக்கு மறுபடி வந்து சேர 60 ஆண்டு பிடிக்கும். தமிழ் ஆண்டுகளும் அறுபதுதான். 1965-66 விசுவாவசுவில் பிறந்தவருக்கு 2025-இல் அதே விசுவாவசு திரும்பி வந்தது. ஜப்பானியரிடமும் இதே அறுபதாண்டுச் சுழற்சி உண்டு. அங்கே 60 நிறைந்தவருக்குச் சிவப்புத் தொப்பியும் சிவப்புக் கையில்லாச் சட்டையும் போட்டு அழகு பார்ப்பார்கள். சுற்று முடிந்து மறுபடி பிறந்த குழந்தை என்று கணக்கு. நாமோ அதே வயதில் ஆளுக்கு மறுபடி கல்யாணம் செய்துவைக்கிறோம். இரண்டு ஊரிலும் பெரியவர்கள் சொல்லவந்தது ஒன்றுதான்: ஆட்டம் முதலிலிருந்து.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? ஆட்டம் முதலிலிருந்து தொடங்க வேண்டியவரை ஒரு மனையில் உட்கார்த்திவைத்து விடுகிறோம். தேதி பார்ப்பது மகன். மண்டபம் பிடிப்பது மருமகன். பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்று சண்டை போடுவது மகள்கள். மெனு கேட்டரிங்காரருடையது. பெரியவருக்கு மிச்சமிருக்கும் வேலை, சொன்ன இடத்தில் நிற்பது, குனிந்து எழுகிறவர்கள் தலையில் அட்சதை போடுவது, புகைப்படக்காரர் கேட்கும்போதெல்லாம் சிரிப்பது. முப்பது வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசிய நண்பர்கள் இரண்டாம் பந்தியில் சாப்பிட்டு, மேடையேறிக் கவர் கொடுத்து, வரிசை நகர்வதால் இரண்டு வார்த்தை பேசாமலே இறங்கிப் போகிறார்கள். சடங்கில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்தப் பந்தி ஏற்பாட்டில்தான் குறை.

இன்னொரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த விழாக்களில் ஓடுவது கணவரின் வயது. அம்மாவுக்கு அறுபது எப்போது வந்தது, எப்போது போனது என்று எத்தனை வீட்டில் தெரியும்? துணையை இழந்தவர் என்றால் இந்தக் கதை இன்னும் சுருக்கம். எழுபது வயதைத் தனியாகத் தொட்ட ஒரு பெண்ணுக்குப் பந்தலும் இல்லை, கலசமும் இல்லை. அவளுடைய பிறந்தநாளை யாராவது கொண்டாடினால் அது அவள் தோழிகளாகத்தான் இருக்கும்.

'ஆள் குறையுதே, கிளம்பி வாங்க!'

சென்னையில் மெரினா, மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, அண்ணா நகர் டவர் பார்க்; கோவையில் ரேஸ்கோர்ஸ். எந்த ஊராக இருந்தாலும் காலை ஐந்தரைக்குப் போனால் ஒரு கூட்டம் இருக்கும். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். வங்கி, மின்வாரியம், கல்லூரி, ரயில்வே என்று எல்லாத் துறையும் கலந்தது. பதவி வாசலோடு சரி; உள்ளே வந்தால் எல்லாரும் 'சார்', இல்லாவிட்டால் 'ஜி'. கொஞ்சம் நெருங்கிவிட்டால் 'யோவ்'. இந்த 'யோவ்'வை எளிதாக எண்ணாதீர்கள். எண்பது வயது மனிதரை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பா, தாத்தா, மாமா, ஐயா. 'யோவ் ராமு' என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருப்பது இந்த நாலைந்து பேர்தான்.

இந்தக் குழுக்களின் பிறந்தநாள் வழக்கம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் உள்ளடக்கம் ஒன்று. முதல்நாள் இரவு பன்னிரண்டுக்கே வாட்ஸ்அப் குழுவில் மாலை போட்ட படம் வந்துவிடும் (நல்ல மாலைதான், பயப்பட வேண்டாம்). காலையில் வழக்கமான சுற்றுகள் முடிந்ததும் பெஞ்சில் சின்னதாக ஒரு கேக். வெட்டுகிறவருக்குச் சர்க்கரை, கை தட்டுகிறவர்களுக்கும் சர்க்கரை. ஆளுக்கு விரல்நுனி அளவு. பிறகு எல்லாரும் கிளம்பிப் பக்கத்து ஓட்டலுக்குப் போய் நெய் மிதக்கும் பொங்கலும் வடையும். நடந்து கரைத்ததை ஒரே உட்காரலில் திருப்பி எடுத்துக்கொள்வதற்கு இவர்களை மிஞ்ச ஆளில்லை. பில் பிறந்தநாள்காரருடையது. அதில் மட்டும் சமரசம் கிடையாது.

ஆனால், நடப்பவர்களைவிட நான் பொறாமையோடு பார்ப்பது பூங்கா மூலையில் ஷட்டில் ஆடுகிறவர்களைத்தான். நடைக்கு ஆள் வராவிட்டால் மற்றவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். இரட்டையர் ஆட்டத்தில் நாலாவது ஆள் வராவிட்டால் ஆட்டமே இல்லை. எனவே ஐந்தே முக்காலுக்கு போன் வரும். 'என்ன சார், ஆள் குறையுதே, கிளம்பி வாங்க!' முழங்கால் வலி என்று சொல்லிப் பார்க்கலாம். 'வலையோரமா நின்னா போதும், ஓட வேணாம்' என்று பதில் வரும்.

ஓய்வுபெற்ற ஒருவரை இந்த உலகத்தில் யார் தேடுகிறார்கள்? ஓய்வூதியத்துக்கு உயிர்ச்சான்று கேட்கும் அலுவலகம் வருடத்துக்கு ஒருமுறை தேடுகிறது. கிரெடிட் கார்டு விற்கும் குரல் தேடி, வயதைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறது. பிள்ளைகள் விசாரிக்கிறார்கள், சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று அன்பாகவே விசாரிக்கிறார்கள். அது அவரைப் பற்றிய கவலை. அவர் வராவிட்டால் தங்களுக்கு ஒரு காரியம் நடக்காது என்று கூப்பிடுவது அந்த ஷட்டில் கோர்ட் மட்டும்தான்.

கோபன்ஹேகன் சொன்ன கணக்கு

இந்த நாலாவது ஆள் சமாச்சாரத்துக்கு அறிவியலிலும் இடம் கிடைத்திருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் 8,577 பேரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. உடலசைவே இல்லாமல் இருப்பவர்களோடு ஒப்பிட்டு, எந்த விளையாட்டுக்காரர் எத்தனை ஆண்டு கூடுதலாக வாழ்கிறார் என்று கணக்கிட்டார்கள். ஜிம் போன்ற உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் போகிறவர்களுக்கு 1.5 ஆண்டு. ஜாகிங் 3.2. நீச்சல் 3.4. சைக்கிள் 3.7. கால்பந்து 4.7. பேட்மின்டன் 6.2. எல்லாவற்றுக்கும் மேலே டென்னிஸ், 9.7.

பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தனியாகச் செய்யக்கூடியவை எல்லாம் கீழே. எதிரே ஆள் நின்றால்தான் நடக்கும் என்பவை எல்லாம் மேலே. ஆராய்ச்சியாளர்களும் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள்: கூடி ஆடுவதால் வரும் பழக்கமும் பேச்சும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்படி ஒரு வட்டத்தைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு காரணத்தை நிரூபித்துவிடாது என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். டென்னிஸ் ஆடுகிறவர் கையில் காசு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், நல்ல வைத்தியம் கிடைக்கும், அதனாலும் ஆயுள் கூடியிருக்கலாம். டென்னிஸ் மட்டை வாங்கினால் ஒன்பதே முக்கால் வருடம் கியாரண்டி என்று யாரும் கடைக்கு ஓட வேண்டாம்.

ஆனாலும் சாட்சி இது ஒன்றோடு நிற்கவில்லை. உறவும் நட்பும் ஆயுளோடு எப்படிச் சேர்கின்றன என்று பார்த்த 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றுசேர்த்து 2010-இல் ஒரு தொகுப்பு வந்தது. வலுவான உறவுகள் உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலங்களில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்றது அது. ஹார்வர்டில் 1938-இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் வாழ்நாள் ஆய்வும் சுற்றிச் சுற்றி இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஜப்பானின் ஒகினாவாத் தீவில் 'மொஆய்' என்று ஓர் ஏற்பாடு. நம் ஊர்ச் சீட்டு போலத்தான்: நண்பர்கள் மாதாமாதம் கூடிப் பணம் போடுவார்கள், ஒருவர் எடுப்பார். பணத்தைவிட அந்தக் கூடிச் சேர்தல்தான் இன்று பெரிதாகப் பேசப்படுகிறது. ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் தேடிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் பூங்கா நண்பர்கள் கொஞ்சம் ஏமாந்துபோகிறார்கள். நடை போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி கேட்கிறது. 65-ஐத் தாண்டியவர்களுக்கு அதோடு, வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி வேண்டும் என்கிறது. வயதானவரைக் கட்டிலில் சாய்ப்பது பல வீடுகளில் ஒரு வழுக்கலும் ஓர் இடுப்பெலும்பு முறிவும்தான். 2022-இல் வெளியான பிரேசில் ஆய்வு ஒன்றில் 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரை ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்கச் சொன்னார்கள். நிற்க முடியாதவர்களுக்கு அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு அபாயம் 84 சதவீதம் கூடுதலாக இருந்தது. உங்கள் குழுவின் அடுத்த பிறந்தநாளில் கேக்குக்கு முன்னால் இதை ஒரு போட்டியாகவே வைக்கலாம். பக்கத்தில் பிடித்துக்கொள்ள சுவரும், கைகொடுக்க ஒருவரும் இருக்கட்டும்.

நூறைத் தொட்டவர்களின் ஜமா

ஃபௌஜா சிங்கை 'நூறு வயதில் மாரத்தான் ஓடிய ஒற்றை மனிதர்' என்று எழுதிப் பழகிவிட்டோம். அவர் கதையில் ஒற்றை என்பது தொடக்கத்தில் மட்டும்தான். மனைவி போனார், 1994-இல் மகன் ஒருவர் விபத்தில் போனார். இங்கிலாந்தில் பிள்ளையோடு வாழப்போன பஞ்சாப் விவசாயி, அந்தத் துக்கத்திலிருந்து எழத்தான் ஓடத் தொடங்கினார். அங்கே ஹர்மந்தர் சிங் என்கிற பயிற்சியாளர் கிடைத்தார். அவரைச் சுற்றி, தலைப்பாகையோடு ஓடும் சீக்கியப் பெரியவர்களின் குழு ஒன்று இருந்தது. 2000-இல் லண்டன் மாரத்தானை முடித்தபோது ஃபௌஜாவுக்கு 89 வயது. 2011-இல் டொரான்டோவில் முழு மாரத்தானை எட்டரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்தபோது 100. கின்னஸ் அதை ஏற்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டது. 1911-இல் ஜலந்தர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவரிடம் போய்ச் சான்றிதழ் கேட்டால்? காதைத் தொட்டு வயது பார்த்த நமக்கு அந்த வருத்தம் புரியும். 2025 ஜூலையில் சொந்த ஊர்ச் சாலையில் வண்டி மோதி இறக்கும்வரை அவர் நடையை விடவில்லை.

பிரான்சின் ராபர்ட் மார்ஷான் கதை இன்னும் வேடிக்கை. 2017 ஜனவரியில் 105 வயதில் ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டினார். அந்த வயதில் போட்டிப் பிரிவே இல்லை. அவருக்காகப் புதிதாக ஒன்றை உருவாக்கினார்கள். பாட்டியாலாவின் மான் கௌர் 93 வயதில் மகனோடு சேர்ந்து ஓடத் தொடங்கி, 101 வயதில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 100 மீட்டர் தங்கம் வாங்கினார். அவர் வயதுப் பிரிவில் ஓடியவர் அவர் ஒருவர்தான். சிரிக்கலாம். ஆனால் அந்தக் கோட்டில் வந்து நிற்க மற்றவர்கள் யாரும் மிச்சமில்லை என்பதுதானே அதன் பொருள்?

நம் பக்கத்துக்கு வாருங்கள். கோவையின் நானம்மாள் தொண்ணூறுகளிலும் யோகா சொல்லிக்கொடுத்து 2018-இல் பத்மஸ்ரீ வாங்கினார். அதே மாவட்டத்துத் தேக்கம்பட்டியின் பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டியும் தோட்டத்தில் இறங்கி வேலை செய்தவர். 2021-இல் அவருக்கும் பத்மஸ்ரீ. 2024-இல் பத்மஸ்ரீ பெற்ற பத்திரப்பனுக்கு அப்போது 87 வயது. அவர் கலை வள்ளி ஒயில் கும்மி.

கும்மியை இந்தக் கட்டுரையில் இழுத்ததற்குக் காரணம் உண்டு. கொங்கு நாட்டில் இப்போது வள்ளி கும்மிக் குழு இல்லாத ஊரைக் காண்பது கடினம். சாயங்காலம் கோயில் மைதானத்தில் பயிற்சி. பேத்திக்குப் பக்கத்தில் பாட்டி, அதே நிறச் சேலை, அதே அடவு. அரங்கேற்றம் என்று வந்தால் மணிக்கணக்கில் ஆட வேண்டும். மூச்சு, நினைவு, கால், மூன்றும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். மருத்துவர்கள் எழுதித்தரும் சமநிலைப் பயிற்சி முழுக்க அதற்குள் இருக்கிறது. வட்டத்தில் ஒரு ஆள் நின்றுபோனால் இடைவெளி தெரியும். எனவே இங்கேயும் அதே போன் வருகிறது: 'ஏனுங்க அம்மிணி, இன்னைக்குக் காணோம்?' கணவர் வயதை எண்ணிப் பந்தல் போடும் ஊரில், தன் எழுபதாவது பிறந்தநாளைத் தன் பெயரிலேயே ஒரு பெண்மணி கொண்டாட முடிகிற இடம் இந்த வட்டம்.

ஆயிரமாவது நிலவு

எண்பதை எப்படிக் கொண்டாடலாம் என்று என்னைக் கேட்டால், ஆயிரம் பிறை கண்டவர் என்கிற பழைய சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வேன். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் சராசரியாக 29.53 நாள். ஆயிரம் பௌர்ணமிக்கு 29,530 நாள். அதாவது 80 வயதும் பத்து மாதமும். பிறந்த தேதியை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிப்பிள்ளை கணக்குப்போட்டுச் சொல்லிவிடும், உங்கள் அப்பாவின் ஆயிரமாவது பௌர்ணமி எந்த மாதம் என்று. அந்தப் பௌர்ணமியன்று அவரையும் அவர் கூட்டாளிகளையும் திருவண்ணாமலைக்குக் கிளப்பிவிடுங்கள்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். தினமும் நடக்கிறவர்களுக்கு அது மலைப்பான தூரம் இல்லை, ஆனால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அஷ்டலிங்கங்கள் எட்டும் எட்டு இடைநிறுத்தம். உட்காரலாம், மோர் குடிக்கலாம், அந்தக் காலத்தில் எந்த மேலதிகாரி எப்படிப் படுத்தினார் என்று பேசலாம். பௌர்ணமிக் கூட்டத்தில் இடிபட வேண்டாம் என்பவர்கள் ஒருநாள் முன்பின்னாகப் போகலாம். நிலவு அதற்காகக் கோபித்துக்கொள்ளாது. வெறுங்காலோடுதான் நடப்பேன் என்று சர்க்கரைக்காரர் அடம்பிடித்தால் மட்டும் விடாதீர்கள். பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்குக் கல் குத்தியது காலையில்தான் தெரியும். பாதி வழியில் முடியாதவர்களுக்கு ஆட்டோ இருக்கிறது. ஆட்டோவில் போனவரை மற்றவர்கள் அடுத்த ஆறு மாதத்துக்குக் கிண்டல் செய்வார்கள், அதுவும் விழாவில் சேர்த்திதான்.

மலை வேண்டாம் என்றால் குற்றாலம். சீசனில் ஐந்தாறு பேராகப் போய், செக்கு எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, ஈரத் தலையோடு இட்லியும் சுக்குக்காப்பியும் சாப்பிடுவதற்கு ஈடாக எந்தக் கலசாபிஷேகம் இருக்கிறது? கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர். வாடகை சைக்கிள் கிடைக்கும். ஆனால் அறுபது வருடமாகச் சைக்கிள் தொடாதவர் அன்றைக்குத்தான் தொட வேண்டும் என்பதில்லை. பிறந்தநாள் உற்சாகத்தில் வழக்கமில்லாத வேலையில் குதித்து நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வருவதுதான் முறை. அந்த ஒத்திகை மாதங்களில் கிடைக்கிற சந்தோஷம், விழா நாளில் கிடைப்பதைவிட ஒரு பிடி கூடவே இருக்கும்.

எண்பதுக்குப் பிறகு என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறோம் என்பவர்களுக்கு உ.வே.சாமிநாதையர் இருக்கிறார். 1935-இல் சதாபிஷேகம் கண்ட தமிழ்த் தாத்தா, ஐந்து வருடம் கழித்து 1940-இல்தான் ஆனந்த விகடனில் வாரா வாரம் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது அவருக்கும் 80. வாரம் ஒரு அத்தியாயத்துக்கு யாராவது காத்திருக்க வேண்டும், கட்சிக்கு நாலு பேர் கூட வர வேண்டும். தனியாக இவை நடந்திருக்காது.

குறையும் ஆட்கள்

பூசி மெழுகாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுபதில் பன்னிரண்டு பேராக இருக்கும் குழு எண்பதில் பன்னிரண்டு பேராக இருக்காது. ஒருவர் பிள்ளையோடு அமெரிக்கா போயிருப்பார். ஒருவருக்கு முழங்கால் அறுவை. ஒருவருக்குப் பெயர்கள் மறக்கத் தொடங்கியிருக்கும். இன்னும் சிலர் இருக்கமாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் எண்ணை யாரும் நீக்குவதில்லை. பிறந்தநாள் வாழ்த்து சொல்லும் நண்பர்களின் வரிசை ஒவ்வொரு வருடமும் குறைவதைப் பிறந்தநாள்காரர் எண்ணாமல் இருப்பாரா?

நன்றாக நடக்கும் குழுக்கள் இதற்குச் சில ஏற்பாடுகள் செய்துவைத்திருக்கின்றன. ஆட முடியாதவர் ஸ்கோர் எழுதுவார். நடக்க முடியாதவருக்கு பெஞ்ச் நிரந்தரம். சுற்று முடிக்கும் ஒவ்வொருவரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போக வேண்டும் என்பது எழுதாத விதி. பூங்காவுக்கே வர முடியாதவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை பூங்கா போகும். முக்கியமாக, அறுபது வயதுப் புதியவர்களை உள்ளே சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். 'எங்க செட்டு' என்று கதவைச் சாத்திக்கொண்ட குழுக்கள்தான் பத்து வருடத்தில் இரண்டு பேராகி, பிறகு ஒருவராகி, பெஞ்சைக் காலிசெய்தவை. பள்ளித் தோழன்தான் தோழன், எழுபதில் புதிதாக என்ன சிநேகம் என்று சிலுப்பிக்கொள்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை. புதிதாக வந்த அறுபது வயதுக்காரருக்குச் சர்வீஸ் போடச் சொல்லிக்கொடுக்கும் எண்பது வயதுக்காரரின் குரலில் இருக்கும் அதிகாரத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம். சதாபிஷேகத்தைத் தாராளமாகச் செய்யுங்கள். மண்டபம் பிடியுங்கள், நாதஸ்வரம் வையுங்கள், அம்மாவுக்குக் கூரைப்புடவை எடுங்கள். அப்படியே அம்மாவின் வயதையும் ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பரிசு என்று யோசித்தால் மோதிரத்தைவிட நல்ல ஷூ உத்தமம். அப்பாவின் நண்பர்களை முதல் பந்தியில் உட்கார வையுங்கள். அவர்கள் மேடையேறும்போது மட்டும் வரிசையை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். சாஸ்திரிகளிடம் முகூர்த்தம் குறிக்கும்போது ஒன்பது மணிக்கு மேல் பார்க்கச் சொல்லுங்கள். ஆறிலிருந்து ஏழரை வரை அப்பாவுக்கு ஆட்டம் இருக்கிறது.